மணல்காட்டில் யூரியா

உச்சிப்புளிப் பக்கம் நம்ம மணல்காட்டில் மக்காச்சோளம் போடுவது இது இரண்டாவது வருஷம். போன தடவை விதைத்த கையோடு யூரியா முழுவதையும் வீசிவிட்டேன், நாலாம் நாளே ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தது, பிடித்துவைக்க மணலில் களிமண் ஏது, அத்தனையும் கரைந்து வேருக்குக் கீழே இறங்கிப் போச்சு. ஒரு மாதத்தில் அடி இலைகள் நுனியிலிருந்து நடுநரம்போடு ஆப்பு மாதிரி மஞ்சளடித்தன, தழைச்சத்துப் (நைட்ரஜன்) பற்றாக்குறைதான். 45 கிலோ மூட்டையில் 20 கிலோ சொச்சம் தழைச்சத்து, வயிறு எரியாதா?

இந்த முறை அடியுரமாகக் கால் பங்குதான். 25ஆம் நாள் பாதி, 45ஆம் நாள் மிச்சம். நேற்று 25ஆம் நாள், கிழக்கே கடல்பக்கம் கருத்திருந்தது, மூட்டையைப் பிரிக்கவே இல்லை. "மழைக்கு முன்னாடி போட்டாத்தானப்பா கரையும்" என்கிறார் சித்தப்பா. தூறலென்றால் சரி சித்தப்பா, இது அடைமழை. மழை வெறிக்கட்டும், ஈரத்தில் போட்டு மண் அணைத்துக்கொள்கிறேன்.