கால்சியம் நார்மலாம்

ஜூன் 9
வயிற்றைச் சுருக்கிய பைபாஸ் ஆபரேஷனுக்குப் பிறகு எடுத்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்தது. என் வீட்டுக்காரர் கால்சியம் 9.2 என்பதை மட்டும் பார்த்து "நார்மல்தானே, பிறகென்ன" என்று கிளம்பிவிட்டார். கீழே பிடிஎச் என்ற பாராதைராய்டு ஹார்மோன் 118, அதிகம்; வைட்டமின் டி 14, குறைவு. சாப்பாட்டில் கால்சியம் சேராவிட்டால் பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து உருவி ரத்தத்துக்குக் கொடுத்துவிடும், அதனால் ரத்தத்தில் பெரும்பாலும் நார்மல்தான் காட்டும்.

ஜூன் 12
பாளையங்கோட்டையில் ஹார்மோன் டாக்டரைப் பார்த்தேன். கால்சியத்தை நன்றாக உறிஞ்சுவது சிறுகுடலின் முன்பகுதிதான், பைபாஸில் சாப்பாடு அந்த வழியாகவே போவதில்லை. ஆபரேஷன் செய்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் எடை போட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்களே தவிர, எலும்பைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அதற்காக ஆபரேஷனையே திட்ட மாட்டேன், இன்சுலின் ஊசி நின்றதே! இனி கால்சியம் கார்பனேட் மாத்திரை வேண்டாம், அது கரைய வயிற்று அமிலம் வேண்டும், இந்தச் சின்ன வயிற்றில் அது குறைவு, கால்சியம் சிட்ரேட் போதுமாம். ஒரு நாளைக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம் கால்சியம், ஒரு வேளைக்கு 500க்கு மேல் போட்டால் வீண், இரும்பு மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி. டி மாத்திரை வாரம் ஒன்று, 60,000 யூனிட்.

ஜூன் 13
மருந்துக்கடையில் தந்த அட்டையில் 1000 என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. திருப்பிப் பார்த்தால் அது சிட்ரேட் உப்பின் எடை, அதில் கால்சியம் 210தான்! அப்படியானால் ஒரு நாளைக்கு ஆறேழு மாத்திரை. கடைக்காரத் தம்பி என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

ஜூன் 16
அம்பாசமுத்திரத்திலிருந்து அம்மா வந்து, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் ஊற்றி உளுந்தங்களி கிண்டினாள். "ஏட்டி, ரெண்டு வாய் தின்னு, இடுப்புக்கு வலு." தின்றேன். கால் மணி நேரத்தில் நெஞ்சு படபட, உடம்பெல்லாம் வேர்வை, அப்படியே படுத்துவிட்டேன். பைபாஸ் வயிற்றுக்கு இனிப்பு ஆகாது என்று சொன்னால், கருப்பட்டி இனிப்பா என்கிறாள்! சாயங்காலம் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் ஆனது, அது வயிற்றில் நின்றது. எள்ளில் கால்சியம் உண்டுதான், ஆனாலும் மாத்திரையை விட முடியாது.

ஜூன் 24
எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேன், இடுப்பில் மைனஸ் 1.9. மைனஸ் 2.5ஐத் தொட்டால்தான் ஆஸ்டியோபோரோசிஸ் என்கிற எலும்பு மெலியும் நோய். எடை குறைந்ததே ஒரு காரணமாம், சுமை குறைந்தால் எலும்பும் இளைக்கும். அதனால் டாக்டர் டம்பெல் தூக்கச் சொன்னார், புரதம் ஒரு நாளைக்கு 60 கிராம். பின்னால் எலும்புக்கென்று தனி மருந்து தேவைப்பட்டால் மாத்திரையாகக் கிடையாது, அது இந்தச் சின்ன வயிற்றைப் புண்ணாக்கும், ஊசிதான். பிடிஎச் செப்டம்பரில் மறுபடி.