மான் தலைக்குப் பதில் கிடாத் தலை: மண்டையோடு வெளுத்த அனுபவம்

மான் மண்டையோட்டைச் சுத்தம் செய்து வெளுப்பது எப்படி என்று யூடியூபில் தேடினால் அமெரிக்காக்காரர்கள் போட்ட வீடியோ கணக்கில்லாமல் வரும். அங்கே லைசென்ஸ் எடுத்து மான் சுடுகிறார்கள், கறியைச் சாப்பிடுகிறார்கள், மிஞ்சிய தலையை வெளுத்துச் சுவரில் மாட்டுகிறார்கள். நம்மூரில் அந்த ஆசையோடு யாரும் கிளம்பிவிடாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி புள்ளிமானோ கடமானோ வெளிமானோ, தானாகச் செத்துக் கிடந்தாலும் அதன் தலையும் கொம்பும் அரசாங்கச் சொத்து. கிண்டிப் பூங்கா ஓரமாக உதிர்ந்து கிடக்கிற ஒற்றைக் கொம்பைப் பொறுக்கி வந்து ஷோகேஸில் வைத்தாலும் வம்புதான். பழைய ஜமீன் வீட்டுச் சுவர்களில் தொங்குகிற மான் தலைகள் உரிமைச் சான்றிதழோடு இருப்பவை, அல்லது இருக்க வேண்டியவை.

எனக்கு மண்டையோடுதான் முக்கியம், எந்த மிருகம் என்பது அப்புறம். அதனால் செம்மறிக் கிடாவுக்கு மாறினேன். வெள்ளாட்டை விட்டுச் செம்மறிக்குப் போனதற்கு ஒரு காரணம் உண்டு. மானுக்குக் கண்ணுக்கு முன்னால் எலும்பில் ஒரு குழி இருக்கும், கண்ணோரச் சுரப்பி உட்காருகிற இடம். செம்மறிக்கும் அந்தக் குழி உண்டு, வெள்ளாட்டுக்குக் கிடையாது. மான் கிடைக்காத குறைக்கு இதாவது இருக்கட்டுமே.

பழைய வண்ணாரப்பேட்டையில் இருந்துகொண்டு கிடாத் தலைக்குப் பஞ்சமா? புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டியில் அறுத்து, மாநகராட்சி முத்திரை குத்தி, விடிவதற்குள் கறி வந்து இறங்குகிற கடைகள் இங்கே நிறைய. சிக்கல் தலை முழுசாகக் கிடைப்பதில்தான். சும்மா தலை கேட்டால் கொம்பைத் தட்டி எறிந்து, தீயில் வாட்டி, மூளை எடுக்க நடு மண்டையில் கத்தி போட்டுத்தான் தருவார்கள். அதனால் முந்தின நாளே போய்ச் சொல்லி வைத்தேன்.

“பாய், கொம்போட, வாட்டாம, பொளக்காம ஒரு தலை வேணும்.”

“பொளக்காம மூளைய எப்டி தம்பி எடுப்ப?”

“மூளை வேணாம் பாய். எலும்புதான்.”

“எலும்பா? இன்னாத்துக்கு, எதுனா மந்திரிக்கிறியா?”

சுவரில் மாட்டப் போகிறேன் என்றதும் ஒரு நிமிஷம் என்னை மேலும் கீழும் பார்த்தார். “அப்ப கொம்பு நல்லா பாத்துத் தர்றேன். நாளைக்கு நாலு பல்லு வருது.”

நாலு பல்லு என்றால் வாயில் மொத்தமே நாலு பல் என்று அர்த்தமில்லை. கீழ்த்தாடை முன்பற்கள் எட்டில் நாலு பால் பல் விழுந்து பெரிய பல் முளைத்துவிட்டது, ஏறக்குறைய இரண்டு வயசு. மேல்தாடையில் முன்பற்களே கிடையாது, அங்கே ஒரு கெட்டியான ஈறு மட்டும். பால் பல் குட்டியை வாங்கினால் மண்டையோட்டில் எலும்பும் எலும்பும் சேருகிற மூட்டு வாய்கள் சரியாக இறுகியிருக்காது, ஊறப்போட்டதும் துண்டு துண்டாகக் கழன்றுவிடும். வயசு கூடக் கூட இந்த வேலைக்கு நல்லது.

தலை வந்த அன்றே தோலை உரித்து, நாக்கையும் கன்னக் கறியையும் எடுத்துவிட்டேன். இரண்டும் குழம்புக்குப் போயின. கண்ணை வளைவான சிறு கத்தியால் சுற்றி அறுத்து எடுக்கலாம். மூளைக்குப் பின்பக்கம் முதுகுத்தண்டு சேருகிற ஓட்டைதான் வழி. வளைத்த கம்பியை விட்டுக் கலக்கி, ஹோஸ் பைப்பில் தண்ணீர் பீய்ச்சினால் கூழாக வெளியே வரும். கையுறை இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். அதே காரணத்துக்காகத்தான் முத்திரை குத்திய கறிக்கடைத் தலையாகப் பார்த்து வாங்கச் சொல்கிறேன். எங்கேயோ செத்துக் கிடந்த ஆட்டில் ஆந்த்ராக்ஸ் மாதிரி என்ன நோய் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

இனி எலும்போடு ஒட்டியிருக்கிற மிச்சச் சதை. பாதி வீடியோக்களில் பெரிய பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைக்கிறார்கள். வேகமான வழிதான், எனக்குப் பிடிக்கவில்லை. ஆட்டுக்கால் பாயா விரலில் ஒட்டுகிறதே, அது எலும்பிலிருந்தும் ஜவ்விலிருந்தும் இறங்கிய பசை. அந்தப் பசைதான் எலும்பைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருக்கிறது. மண்டையோட்டைத் தளதளவென்று கொதிக்கவிட்டால் பசை இறங்கிப்போகும், கொழுப்பு உருகி எலும்புக்குள்ளே ஏறும், மூக்குக்குள் சுருள் சுருளாக இருக்கிற காகிதம் போன்ற எலும்புகள் உதிரும். அவசரம் என்றால் கொதி வராத சூட்டில், ஆவி மட்டும் பறக்க, கொஞ்ச நேரம் வைத்து எடுக்கலாம்.

நான் ஊறல் முறைக்குப் போனேன். தலையை மூழ்கும் அளவு தண்ணீரில் போட்டு மூடி வைத்தால் பாக்டீரியா சதையைத் தின்று தீர்த்துவிடும். குளிர் நாடுகளில் இதற்கு மீன் தொட்டி ஹீட்டர் வாங்கிப் போடுகிறார்கள். நமக்கு எதற்கு? சித்திரையில் மொட்டை மாடியில் வைத்த பெயிண்ட் பக்கெட் தண்ணீர் தானாகவே முப்பது டிகிரிக்கு மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. பாக்டீரியாவுக்கு அதுதான் வேண்டும். தண்ணீர் கலங்கியதும் முழுசாகக் கொட்டிவிடாமல் பாதியை மட்டும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் வேலை செய்கிற கிருமியையும் சேர்த்துக் கொட்டிவிடுவோம்.

நாற்றம்? இருக்கிறது. காசிமேட்டுக் காற்று அடிக்கிற தெருவில் மூக்கு ஓரளவு பழகியிருக்கும் என்று நினைத்தேன். மூடியின் மேல் பாலிதீன் சுற்றி, ரப்பர் டியூபால் இறுக்கக் கட்டாமல் விட்டுவைத்தேன் (இறுக்கினால் காற்று சேர்ந்து மூடி உப்பும்). ஒரு வாரம் தாண்டியதும் கீழ்வீட்டு அக்கா படியேறி வந்து, “இன்னாப்பா, தண்ணி டேங்க்ல எதுனா எலி செத்துக் கெடக்குதா?” என்றார். காட்டினேன். மூக்கை முந்தானையில் பொத்திக்கொண்டு முழுசாகப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் எடுத்துவிடு என்று மட்டும் சொல்லிப் போனார். காக்காய்கள்தான் கடைசிவரை சமாதானம் ஆகவில்லை. பக்கெட் மேல் செங்கல் வைத்த பிறகும் மூடியைக் கொத்திக்கொண்டே இருந்தன.

தண்ணீரைக் கொட்டும்போது கக்கூஸில் கொட்டுங்கள், தெருக் கால்வாயில் வேண்டாம். கொட்டுவதற்கு முன் மாவு சல்லடை வழியாக வடிகட்டுவது கட்டாயம். முன்பற்கள் ஒற்றை வேர் என்பதால் எல்லாம் கழன்று அடியில் கிடக்கும். கீழ்த்தாடையும் மோவாயில் இரண்டாகப் பிரிந்து வரும். உடைந்துவிட்டது என்று பதற வேண்டாம், ஆட்டுக்கு அந்த இணைப்பு எலும்பாகவே இறுகுவதில்லை.

கொம்பு விஷயத்தில்தான் மான் வீடியோவை அப்படியே நம்பக் கூடாது. அந்த வீடியோக்களில் வருகிற மானின் கொம்பு முழுக்க எலும்பு. வருஷா வருஷம் உதிர்ந்து முளைப்பது. அதன் மேல் உறை கிடையாது. அதனால் அவர்கள் கொம்பைத் தண்ணீரிலும் மருந்திலும் படாமல் உயர்த்திப் பிடிக்கிறார்கள், பட்டால் அந்தப் பழுப்பு நிறம் போய்விடும். கிடாவின் கொம்பு உதிராது. வெளியே நகம் போன்ற உறை, உள்ளே எலும்புத் தண்டு. தண்டுக்குள்ளே பொந்து, அது நெற்றி எலும்பின் காற்றறையோடு சேருகிறது. உறைக்கும் தண்டுக்கும் நடுவில் இருக்கிற சவ்வு அழுகாமல் விட்டால் சுவரில் மாட்டிய பிறகு நாற்றமெடுக்கும். ஊறலில் நன்றாக இளகியதும் உறையைப் பிடித்து, சுருளின் திசையிலேயே மெதுவாகத் திருகினேன். முதலில் அசையவே இல்லை. பிறகு உள்ளே ஏதோ வழுக்குகிற மாதிரி ஒரு நெகிழ்வு, ஈரச் சத்தத்தோடு மொத்தமாகக் கையில் வந்தது. உறைக்குள் வெளிர்சிவப்புக் கூழ், பழைய டூத்பிரஷ் போட்டுக் கழுவினேன். உள்ளிருந்த எலும்புத் தண்டு முழுக்க ரத்தக்குழாய் ஓடிய கோடுகளும் ஊசித் துளைகளும். இந்த வேலை முழுவதிலும் பார்க்கச் சலிக்காத இடம் அதுதான்.

உறைகளை நிழலில் காயவைத்து, உள்ளே கேரம் போர்டுக்குப் போடுகிற போரிக் பவுடரைத் தூவினேன். எங்கள் பக்கம் மளிகைக் கடையில் மஞ்சள் தூள் தீர்ந்தாலும் கேரம் பவுடர் தீராது. நகம், கொம்பு தின்கிற வண்டுகளுக்கு அது ஆகாது.

சதை போனதும் மண்டையோடு பார்க்க ஓரளவு வெள்ளையாகத்தான் இருக்கும். பலர் இந்த இடத்தில் நேராக வெளுப்புக்கு ஓடுகிறார்கள். நாலு மாசத்தில் சுவரில் தொங்குகிறது மஞ்சளடித்து, தொட்டால் பிசுபிசுக்கும். எலும்புக்குள் இருக்கிற கொழுப்பு மெல்ல வெளியே கசிவதுதான் காரணம். அழுக்கை எடுப்பது வேறு, எண்ணெயை எடுப்பது வேறு. வெளுப்பு மருந்து எண்ணெயை எடுக்காது.

எண்ணெய் எடுக்கப் பாத்திரம் தேய்க்கிற திரவ சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதும். வெயிலில் கறுப்பு பக்கெட்டை வைத்தால் சூடு தானாக நிற்கும். தண்ணீரின் மேல் மஞ்சளாகத் திவலைகள் மிதக்கும், சோப்புத் தண்ணீர் மோர் மாதிரி வெளுக்கும். மாற்ற வேண்டும், மறுபடி ஊறவைக்க வேண்டும். எனக்கு வாரக்கணக்கில் ஆனது, பன்றித் தலையாக இருந்தால் மாசக்கணக்காம். போதுமா என்று பார்க்க ஒரே வழி, வெளியே எடுத்துச் சில நாள் காயவிடுவது. கொழுப்பு மிச்சமிருக்கிற இடம் எண்ணெய்க் காகிதம் போல மினுமினுப்பாக, சுற்றியிருக்கிற எலும்பைவிடக் கருமையாகத் தெரியும். எனக்குக் கொம்பு அடியிலும் கீழ்த்தாடையின் பின்மூலையிலும் கடைசிவரை பிடிவாதமாக நின்றது.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் போர் தண்ணீரில் இரும்பு அதிகம், ஒரு ராத்திரி வைத்தால் பக்கெட் ஓரத்தில் துருக் கோடு விழும். எலும்பிலும் அதே கறை ஏறும். போதாக்குறைக்கு இரும்பு பட்டால் வெளுப்பு மருந்து வீணாக நுரைத்துப் போய்விடும். அதனால் எண்ணெய் எடுப்பதிலிருந்து கடைசிவரை மெட்ரோ வாட்டர் மட்டும். குடிக்கிற தண்ணியை எலும்புக்கு ஊற்றுகிறாயே என்று வீட்டில் பேச்சு வாங்கியது தனிக் கணக்கு.

வெளுப்பு மருந்து என்றால் ஹைட்ரஜன் பெராக்சைடு. மெடிக்கல் ஷாப்பில் புண் கழுவத் தருகிற பாட்டிலில் 20 வால்யூம் என்று போட்டிருக்கும், அது 6 சதவீதம். அதே அளவு தண்ணீர் சேர்த்தால் 3 சதவீதம், மண்டையோட்டுக்கு அது போதும். பாரிமுனைப் பக்கம் கெமிக்கல் கடைகளில் 30, 50 சதவீதம் கேனில் கிடைக்கும், விலையும் மலிவு. வாங்காதீர்கள். தோலில் பட்டால் வெந்துபோகும், கண்ணில் பட்டால் அவ்வளவுதான். பிளீச்சிங் பவுடர் பக்கமே போக வேண்டாம். அது எலும்பைப் பிடித்து வைத்திருக்கிற பசையையே அரிக்கும், நாளாக நாளாகச் சுண்ணாம்பாக உதிரும்.

மூழ்க வைக்க நிறைய பாட்டில் வேண்டும். செலவு பார்ப்பவர்கள் பஞ்சை மருந்தில் நனைத்து எலும்பு முழுக்க ஒட்டி, மேலே உணவு சுற்றுகிற பிளாஸ்டிக் தாளைச் சுற்றலாம். நான் மண்டையோடு சரியாக அடங்குகிற பிளாஸ்டிக் டப்பாவாகத் தேடிப் பிடித்து, மூடியைத் தளர்வாக வைத்து, நிழலில் விட்டேன். உள்ளே வைத்ததும் மூட்டு வாய்களின் வளைவுக் கோடுகளில் இருந்து பொடிப் பொடியாகக் குமிழ் கிளம்பியது. நெற்றியில் ஓடுகிற அந்தக் கோணல் கோடு முழுக்க நுரைக் கோடாகத் தெரிந்தது. ஒரு நாளில் நிறம் மாறியது, மறுநாள் எடுத்துவிட்டேன்.

இன்னும் விட்டிருந்தால் காகித வெள்ளை வந்திருக்கும். எனக்கு அது பிடிக்கவில்லை, பிளாஸ்டிக் பொம்மை மாதிரி ஆகிவிடுகிறது. எழும்பூர் மியூசியத்தில் நிற்கிற அந்தத் திமிங்கில எலும்புக்கூட்டைப் போய்ப் பாருங்கள், பழைய எலும்பின் மங்கலான நிறம்தான் அதற்கு அழகு. தந்த நிறம் வந்ததும் நிறுத்துவது என் கட்சி. பற்களின் இடுக்கில் அசைபோட்ட கறுப்புக் கறை கொஞ்சம் மிச்சமிருக்கிறது, அதையும் வேண்டுமென்றே விட்டுவிட்டேன்.

காயவைப்பது நிழலில், ஃபேன் காற்றில். வெயிலில் வைத்தால் பல் பட்டென்று விரிசல் விடும். காய்ந்ததும் கொம்பு உறைகளைத் தண்டில் மாட்டி, அடியில் மட்டும் கொஞ்சம் அரால்டைட். இடது உறை ஒட்டுவதற்கு முன்பே கச்சிதமாக உட்கார்ந்தது, வலதுக்குக் காகிதச் சீவல் செருக வேண்டியிருந்தது. வார்னிஷ் எதுவும் அடிக்கவில்லை. கடல் காற்றுக்கு ஈரம் ஏறுமே என்று சிலர் அடிக்கச் சொன்னார்கள், பளபளப்பு வந்தால் எலும்பு எலும்பாகத் தெரியாது. அடுப்படிப் புகை படாத சுவராகப் பார்த்து மாட்டி, காய்ந்த பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும்.

மேல் மண்டை முடிந்தது. கீழ்த்தாடைதான் பாக்கி. சல்லடையில் சிக்கிய முன்பற்களை வரிசைப்படி குழியில் பொருத்தி, இரண்டு பாதியையும் ஒட்டி ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறேன். இறுகியதும் மூட்டில் மெல்லிய துளை போட்டுச் செம்புக் கம்பியால் தொங்கவிட வேண்டும். எலெக்ட்ரீஷியன் நண்பனிடம் டிரில் கேட்டிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை தருகிறேன் என்றிருக்கிறான்.