அப்பாவின் கன்னத்தில் ஒரு வெள்ளைத் தடம்

சேலம் அம்மாபேட்டை வீட்டுத் தறியில் அப்பா 40 வருஷமாக நெய்கிறார். வெற்றிலை, பாக்கு, போயிலை மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். இடது கன்னத்தில் அடக்கிக்கொண்டால் ஒரு முழம் நெய்து முடிக்கும்வரை பேச்சே வராது. போன தை மாசம் அந்தக் கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு தடம் பார்த்தேன். சுரண்டினால் போகவில்லை. முதலில் காட்டிய இடத்தில் வாய்ப்புண் என்று சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். "வலியே இல்ல கண்ணு, விடு" என்றார் அப்பா. வலி இல்லை என்றதும்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

நான் நாலு ரோடு பக்கம் ஒரு லேபில் திசுப் பிரிவில் இருக்கிறேன். பல் டாக்டர் எடுத்த துணுக்கு எங்களிடமே வந்தது. துவரம்பருப்பு அளவு. ஒரு நாள் ஃபார்மலினில் ஊறி, மெழுகில் ஏறிய பிறகு, மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் 4 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நாலு பங்கு) கனத்துக்கு நானே சீவினேன். வெந்நீரில் நாடாவாக மிதந்ததைக் கண்ணாடியில் ஏந்தும்போது கை நடுங்கியது. 11 வருஷத்தில் அப்படி நடுங்கியதில்லை.

எங்கள் லேப் டாக்டரம்மா பக்கத்தில் உட்காரவைத்து மைக்ரோஸ்கோப்பில் காட்டினார். வாயின் உள்தோலில் அடிவரிசைச் செல்கள்தான் பிரிந்து பெருகும். மேலே ஏற ஏறத் தட்டையாகி உதிரும். அப்பாவுக்குப் பாதி உயரம் வரை கருநீல உட்கருக்கள் பெருத்து, வரிசை கெட்டுக் கிடந்தன. ஆனால் அடியில் இருக்கும் அந்த மெல்லிய சவ்வு அறுபடவில்லை. அதைக் கிழித்துக்கொண்டு செல்கள் கீழே இறங்கினால்தான் புற்றுநோய். இறங்கியவை நிணநீர் வழியாகக் கழுத்துக்குப் போகும்.

அன்று ராத்திரி தறி மேட்டில் உட்கார்ந்து அப்பாவிடம் சொன்னேன். டிசைன் போடும் ஜக்கார்டு அட்டையில் ஒரு ஓட்டை தப்பினால் புட்டாவுக்குப் புட்டா அதே தப்பு விழும் இல்லையா? செல்லுக்குள் இருப்பது 300 கோடி எழுத்து கொண்ட அட்டை. பிரியும் ஒவ்வொரு முறையும் நகல் எடுக்கிறது. பிழைகளில் பெரும்பாலானவை உடனே திருத்தப்படும். திருத்த முடியாததை 1979-ல் கண்டறிந்த பி53 என்ற புரதம் தடுத்து நிறுத்தும், இல்லாவிட்டால் அந்தச் செல்லையே சாகடிக்கும். மனிதப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் இந்தக் காவல்தான் கெட்டிருக்கிறது. ஒரே பிழையில் எதுவும் ஆகிவிடாது. பல பிழைகள் ஒரே செல் வம்சத்தில் சேர வருஷக்கணக்காகும். ஒரு செல் 30 முறை இரட்டித்தால் 100 கோடியைத் தாண்டும். ஒரு சென்டிமீட்டர் கட்டி அவ்வளவுதான். ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வளர ரத்தம் வேண்டுமென்பதால் தன் பக்கம் ரத்தக்குழாய்களையும் இழுத்துக்கொள்ளும்.

(சித்தி பயந்துபோய் முதுகைக் காட்டினார். அது கொழுப்புக் கட்டி. 20 வருஷமாகத் தன் உறைக்குள்ளேயே இருக்கிறது, பக்கத்துச் சதையைத் துளைக்காது.)

"போயிலையை விட்டுடறேன், பாக்கு மட்டும் இருக்கட்டும்" என்று கெஞ்சினார். பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. அதையும் எடுத்துச் சொன்னேன். "கத்தி பட்டா பரவிடும்" என்று பெரியப்பா வேறு. இந்த ஒரு பேச்சால் எத்தனை பேர் கழுத்தில் கட்டியோடு வந்து நிற்கிறார்கள் என்று அவரிடம் சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

தடத்தை முழுதாக வெட்டி எடுத்துவிட்டார்கள். வெட்டிய ஓரங்கள் சுத்தமாக இருந்தன, கெட்ட செல் எதுவும் அங்கே இல்லை. இப்போது தறிப் பக்கத்தில் ஏலக்காய் டப்பா இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா வாசலில் உட்கார்ந்து வாயைத் திறப்பார், வாய் இறுகாமல் மூன்று விரல் நுழைகிறதா என்று பார்ப்பேன், செல்போன் வெளிச்சத்தில் கன்னத்தைத் திருப்புவேன். நேற்று வரை அங்கே இளஞ்சிவப்புத் தழும்பு மட்டும்தான்.