பின்சுவர்

ஏற்காட்டுக் காப்பித் தோட்டமொன்றில், ஒரு பிப்ரவரி மாதம், மதியச் சாப்பாட்டை முடித்த கையோடு மிளகு பறிக்க மூங்கில் ஏணியில் ஏறியவர் கால் வழுக்கி, வெட்டிவிட்டிருந்த சில்வர் ஓக் மரத்தின் அடிக்கட்டைமேல் வயிறு மோத விழுந்தார். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சேலம் வந்து சேர்ந்தபோது, வயிற்றில் உள்ளங்கை அகலச் சிராய்ப்பு மட்டுமே தெரிந்தது. தொட்டுப் பார்த்தால் பலகையாய் இறுகியிருந்தது. "எப்போம்மா சாப்பிட்டாரு?" என்று அவர் மனைவியிடம் கேட்டேன். "ரெண்டு மணிக்குங்க டாக்டர், களியும் கீரையும்" என்றார். மூக்கு வழியே இரைப்பைக்குள் செலுத்திய ரைல்ஸ் குழாயில் இரத்தம் வந்தது.

வயிற்றில் ஊமையடி பட்டவர்களில் இரைப்பை கிழிபவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை; மண்ணீரலும் கல்லீரலும்தான் அதிகம் சிதையும். விலாக்கூட்டின் மறைவிலிருக்கும் தடித்த தசைப்பையான இரைப்பை, காலியாக இருந்தால் அடியை வாங்கி நெளிந்து கொடுத்துவிடும். நிறைந்திருந்தால் வெடிக்கும், பெரும்பாலும் முன்சுவரில்.

திறந்ததும் குடல் மடிப்புகளுக்கிடையே கேழ்வரகுக் களியின் கருஞ்சிவப்புத் துணுக்குகள் தென்பட்டன. முன்சுவரில் நான்கு விரற்கடை நீளக் கிழிசல். அதைக் கண்டதும் கை தைக்கத்தான் போகும். தொழிலுக்கு வந்த புதிதில், வேறோர் ஊரில், பைக் கைப்பிடி குத்திய இளைஞருக்கு நான் அப்படித் தைத்து மூடினேன். மூன்றாம் நாள் காய்ச்சல்; வடிகுழாயில் பச்சை நீர். மறுபடி திறந்த மூத்த மருத்துவர் இரைப்பையைத் தூக்கிக் காட்டிய பின்சுவர் ஓட்டை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இளைஞர் பிழைத்தார், ஆனால் நாற்பது நாள் படுக்கையில் கிடந்தார், அதற்கு நானே காரணம்.

எனவே இம்முறை, இரைப்பையையும் பெருங்குடலையும் இணைக்கும் கொழுப்புத் திரையைப் பிரித்து, பின்னாலுள்ள லெஸ்ஸர் சேக் என்னும் இடைவெளியைத் திறந்தேன். அங்கே களி அப்பியிருந்தது. துடைத்தெடுத்தபின் ஒரு ரூபாய் நாணயமளவு ஓட்டை தெரிந்தது. நைந்த விளிம்புகளை வெட்டிவிட்டு இரண்டையும் ஈரடுக்காகத் தைத்தோம். இரத்த ஓட்டம் மிகுந்த உறுப்பாதலால் இரைப்பை நன்றாகவே கூடிவிடும். உயிருக்கு உலை வைப்பது வெளியே சிந்திய உணவுதான். கல்லீரலுக்கு அடியிலும் மண்ணீரலுக்குப் பின்னும் இடுப்புக்குழியிலும் ஒட்டியிருந்த களியை வெளியேற்ற, வெதுவெதுப்பான சலைன் பத்து லிட்டருக்கு மேல் செலவானது. தைத்த நேரத்தைவிடக் கழுவிய நேரமே அதிகம்.

ஒன்பதாம் நாள் அவர் குணமாகி மலைக்குத் திரும்பினார். விபத்தில் வந்தவரின் வயிற்றைத் திறக்கும் ஒவ்வொரு முறையும், 'பின்சுவர் பார்க்கப்பட்டது' என்ற வரியை அறுவைக் குறிப்பில் நானே எழுதுகிறேன். ஏற்காட்டுக்காரரின் குறிப்பில் அந்த வரிக்குக் கீழே இரண்டாவது கிழிசலின் அளவும் இருக்கிறது.