கைக்கு வராத பணம்

சம்பளப் பிரிவில் 11 ஆண்டுகள் வேலை பார்த்தேன். யாருக்கு எவ்வளவு பிடித்தம், மாதக் கடைசியில் யார் அட்வான்ஸ் கேட்டு வருவார்கள், எல்லாம் அத்துப்படி. சேர்ந்த புதிதில், சம்பளம் குறைந்தவர்கள்தான் வருவார்கள் என்று நினைத்திருந்தேன். ஆனால் 20-ஆம் தேதி தாண்டினால் பெரிய பதவியில் இருந்த சிலரும் கதவை மெல்லத் தள்ளிக்கொண்டு வருவார்கள். "அடுத்த மாசம் இன்கிரிமென்ட் வருதுல்ல சார், சரிக்கட்டிடலாம்." இந்த வாக்கியத்தை எத்தனை குரல்களில் கேட்டிருப்பேன்! நிஜமாகவே சம்பளம் போதாதவர்களும் உண்டு. அவர்களிடம் போய்ப் பழக்கத்தை மாற்று என்பது அபத்தம். நான் பேசுவது, போதுமான அளவு வாங்கியும் திண்டாடிய எங்களைப் பற்றி.

எங்களை என்றுதான் சொல்ல வேண்டும். ஊருக்கெல்லாம் கணக்குப் போட்ட நான், என் கிரெடிட் கார்டுக்குக் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டிருந்தேன். அபராதம் இல்லை, அழைப்பு இல்லை, எல்லாம் ஒழுங்காக இருப்பதாக ஒரு நிம்மதி. ஒருநாள் சும்மா கணக்குப் போட்டேன். மாத வட்டி 3 சதவீதம், நான் கட்டுவது பாக்கியில் 5 சதவீதம். ஐந்தில் மூன்று வட்டிக்கே போகிறது. புதிதாக எதுவும் வாங்காவிட்டாலும் கடன் பாதியாகக் குறைய இரண்டரை ஆண்டுக்கு மேல் ஆகும். அன்று மதியம் வேலை ஓடவில்லை.

அதன்பின் செலவெழுதும் உற்சாகம் வந்தது. 21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்று எங்கோ கேட்டதை நம்பினேன். 22-ஆம் நாள் நோட்டைத் திறக்கவே பிடிக்கவில்லை. என்னிடம்தான் கோளாறு என்று முடிவுகட்டினேன். லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் செய்து 2010-ல் அச்சான ஆய்வைப் பற்றிப் பின்னால் படித்தபோதுதான் ஆறுதல். ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுவாக 66 நாள் ஆனதாம். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள்வரை வித்தியாசம். இடையில் ஒருநாள் தவறினால் பெரிதாகக் கெட்டுப்போவதில்லையாம். நானோ ஒருநாள் தவறியதற்கே நோட்டை மூட்டை கட்டியிருந்தேன்.

என்னை உண்மையில் மாற்றியவர் எங்கள் அலுவலக ஓட்டுநர். சம்பள உயர்வு உத்தரவு வந்த அன்றே, உயர்ந்த தொகையில் பாதியைச் சேமிப்புக் கணக்குக்குப் பிடித்துவிடச் சொல்லி எழுதிக் கொடுத்தார். "ஒரு மாசம் முழுசா வாங்கிப் பாருங்களேன் அண்ணே" என்றேன்.

"வாங்கிட்டா குடுக்க மனசு வராது சார். வாங்காததைக் குடுத்துடலாம்."

பொருளாதார அறிஞர்கள் ரிச்சர்ட் தேலரும் ஷ்லோமோ பெனார்ட்சியும் 2004-ல் எழுதிய கட்டுரையில் இதே ஏற்பாடுதான் இருக்கிறது. வரப்போகும் உயர்விலிருந்து சேமிப்பைக் கூட்டச் சம்மதித்தவர்கள், 40 மாதத்தில் சம்பளத்தில் 3.5 சதவீதம் சேமித்த நிலையிலிருந்து 13.6 சதவீதத்துக்கு வந்தார்கள். ஓட்டுநர் அதைப் படித்திருக்க வாய்ப்பில்லை. தன் மனசைப் படித்திருந்தார்.

அவருடைய விண்ணப்பத்தைப் பதிவு செய்தபின் அதே படிவத்தை எடுத்து என் பெயரையும் எழுதினேன். பிடித்தம் முதலில் கார்டு பாக்கிக்கு, அது தீர்ந்தபின் சேமிப்புக்கு. அடுத்த மாதச் சீட்டைப் பார்த்த மனைவி, "உங்களுக்கு மட்டும் இன்கிரிமென்ட் போடலையா?" என்று கேட்டாள்.