‘வந்து’ எங்கிருந்து வந்தது?

“விலை வந்து நூறு ரூபாய்.” விலைக்குக் கால் கிடையாது, இருந்தும் வருகிறது. ‘வா’ என்னும் வினையின் எச்சமான ‘வந்து’ இங்கே பேச்சுப்பொருளைக் கேட்பவர் முன் கொண்டுவந்து நிறுத்துகிறது. இடத்தில் நடந்த வருகை பேச்சுக்குள் நடக்கும் வருகையாக மாறியது என்றே நினைக்கிறேன்.

ஒரு ‘வந்து’ இன்னும் வினைதானா என்று சோதிக்க எளிய வழி, எதிர்மறையாக்குவது. “அவர் வந்து சொன்னார்” என்பதை “வராமல் சொன்னார்” என்று மாற்றினால் உண்மையான வருகை மட்டுமே மறுக்கப்படும். “விலை வராமல் நூறு ரூபாய்” என்று யாரும் சொல்வதில்லை. வினையின் உயிர் அங்கே போய்விட்டது.

“அது வந்து...” என்று இழுத்தால் தயக்கம், சொல்லக் கூச்சமான ஏதோ பின்னால் இருக்கிறது. உரையாடலை எழுத்தாக்குபவர்கள் இதை வெறும் நிரப்பி என்று வெட்டிவிடுகிறார்கள். அதோடு அந்தத் தயக்கமும் போய்விடுகிறது. கூச்சத்தோடு கேட்ட கடன், தாளில் அதட்டலாகத் தெரிகிறது.