எக்ஸ்ரேயில் தெரியாத முள்ளும் ஒரு லோடு விறகும்

வலது கை நடுவிரல் மூட்டுக்குள் கிடந்த சீமைக்கருவேல முள் நேற்றுத்தான் வெளியே வந்தது. ஆறு மில்லிமீட்டர் நீளம். குத்தி நாலு வாரம் ஆகிறது. நடுவில் இரண்டு தடவை மாத்திரை, ஒரு எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கப் போய் எடுக்காமல் திரும்பிய ஒரு நாள். முதல் நாளே இரண்டு விஷயம் தெரிந்திருந்தால் இதில் மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும். இதே லோடைப் பிளந்ததில் உள்ளங்கையில் சிராய், முழங்காலுக்குக் கீழே அடி, நசுங்கிய கட்டைவிரல் வேறு. விறகு பிளக்கிறவர்கள் யாரும் இந்த அலைச்சல் படக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

வந்தது ஒரு குட்டியானை லோடு. பாதிக்கு மேல் சீமைக்கருவேலம், மிச்சம் புளி. சீமைக்கருவேல முள் கணுவில் ஜோடி ஜோடியாக இருக்கும். பச்சையாக இருக்கும்போது வளைந்து கொடுக்கும், காய்ந்துவிட்டால் குத்திய வேகத்தில் நுனி உள்ளேயே ஒடிந்துவிடும். முள்ளைப் பிடுங்கியதும் தூக்கி எறியாதீர்கள். வெளிச்சத்தில் வைத்து நுனியைப் பாருங்கள். ஊசி மாதிரி கூராக இருந்தால் முழுசாக வந்துவிட்டது. பென்சில் முனை ஒடிந்த மாதிரி மொட்டையாக இருந்தால் மிச்சம் உள்ளே இருக்கிறது. நான் பார்க்காமல் எறிந்தேன்.

முள் குத்திய இடத்தில் எருக்கம்பால் வைத்தால் தானே வெளியே தள்ளிவிடும் என்று ஊரில் சொல்வார்கள். வைக்காதீர்கள். அந்தப் பால் தோலைப் புண்ணாக்கும். அதைவிட மோசம், பால் பட்ட கையால் தெரியாமல் கண்ணைத் துடைத்தால் கருவிழியே வெந்து பார்வை மங்கிப்போகும். மேலோட்டமாக நிற்கும் சிராய் என்றால் சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால் தோலை லேசாகக் கீறி, இடுக்கியால் எந்தச் சாய்வில் ஏறியதோ அதே சாய்வில் இழுத்தால் வந்துவிடும். எடுப்பதற்கு முன்னால் வெந்நீரில் ஊறவைக்க வேண்டாம். மரச்சிராய் தண்ணீரை உறிஞ்சி உப்பிக்கொள்ளும், இழுக்கும்போது பிசிறு பிசிறாக உள்ளேயே நின்றுவிடும்.

மூட்டுக்குப் பக்கத்தில் குத்தியது வேறு கணக்கு. மூன்றாம் நாள் விரல் வீங்கி மடக்க முடியவில்லை. மாத்திரை கொடுத்தார்கள், குறைந்தது. மாத்திரை தீர்ந்த இரண்டாம் நாள் வீக்கம் திரும்பி வந்தது. இதுதான் அடையாளம்: மருந்து சாப்பிடும்வரை அடங்கி, நிறுத்தியதும் மறுபடி வீங்கினால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். எக்ஸ்ரே எடுத்தார்கள். "உள்ள ஒண்ணுமே இல்ல சார், அடிபட்ட வீக்கம்தான்" என்று சொல்லி அதே மாத்திரையை இன்னொரு வாரத்துக்கு எழுதினார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. இரும்பு, கண்ணாடி, கல் எக்ஸ்ரேயில் தெரியும். மரமும் முள்ளும் பெரும்பாலும் தெரியாது. அதற்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான் சரி.

ஸ்கேனுக்குப் போன முதல் நாள் திரும்பி வரவேண்டியதாயிற்று. சீட்டில் "விரல் ஸ்கேன்" என்று மட்டும் எழுதியிருந்தது. எந்தக் கை, எந்த விரல், எதைத் தேட வேண்டும் என்று இல்லாமல் எடுக்க மாட்டோம் என்றார்கள். எழுதிக் கொடுத்தவர் அன்று கிளம்பிவிட்டார். அதனால் சீட்டு வாங்கும்போதே கை, விரல், மூட்டு, "முள் உள்ளே இருக்கிறதா பார்க்கவும்" என்பது வரை எழுதச் சொல்லி, படித்துப் பார்த்துவிட்டு எழுந்திருங்கள். மறுநாள் ஐந்தே நிமிடத்தில் முள் தெரிந்தது. மரத்துப்போக ஊசி போட்டு எடுத்து, இரண்டு தையல்.

டி.டி. என்கிற டெட்டனஸ் தடுப்பூசியிலும் ஒரு சிக்கல். "கடைசியா எப்ப போட்டீங்க?" என்று நர்ஸ் கேட்டபோது சொல்லத் தெரியவில்லை, அதனால் போட்டுவிட்டார்கள். தடுப்பூசி முழுசாகப் போட்டவர்களுக்குச் சுத்தமான சின்னக் காயம் என்றால் பத்து வருஷத்துக்குள் போட்டிருந்தால் போதும். மண், சாணி பட்ட காயமோ ஆழமாகக் குத்திய காயமோ என்றால் ஐந்து வருஷம்தான் கணக்கு. துருப்பிடித்த கோடாலி பட்டால்தான் ஊசி என்று இருந்துவிடாதீர்கள். டெட்டனஸ் கிருமி மண்ணில் இருக்கிறது, தரையில் கிடந்த விறகின் முள்ளும் போதும். ஊசி போட்ட சீட்டை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி பிளக்கிற வேலை. சீமைக்கருவேலம் பச்சையில் நன்றாகவே பிளக்கும், அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. புளிதான் பாடுபடுத்தியது. அதன் நார் நேராக ஓடாது, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருக்கும். நடுவில் ஓங்கிப் போட்டால் கோடாலி சிக்கிக்கொள்ளும். சிக்கிய முண்டோடு சேர்த்துத் தலைக்கு மேலே தூக்கி அடிப்பதைப் பலர் செய்கிறார்கள். பாதி வழியில் முண்டு கழன்றால் தோளிலோ தலையிலோதான் விழும். பக்கவாட்டில் ஆட்டினால் காம்பு ஒடியும். காம்பின் நுனியில் உள்ளங்கையால் மேலிருந்து கீழாகத் தட்டினால் கோடாலியின் வாய் மெல்ல விட்டுக்கொடுக்கும். பெரிய முண்டை நடுவில் தொடவே கூடாது. வெட்டுமுகத்தில் ஏற்கெனவே ஓடியிருக்கும் வெடிப்பைப் பார்த்து அதன் வழியே, விளிம்பிலிருந்து பலகை பலகையாக உரித்துக்கொண்டு வர வேண்டும். கணு இருந்தால் அது அடிப்பக்கம் வருமாறு வையுங்கள்.

என் உள்ளங்கைச் சிராய் விறகிலிருந்து வந்ததில்லை, கோடாலிக் காம்பிலிருந்து வந்தது. குறி தப்பி வாய் முண்டைத் தாண்டிப்போனால் காம்பு முண்டின் விளிம்பில் மோதும். தலைக்குக் கீழே நாலு விரற்கடை இடம் அப்படியே நார் நாராகக் கிளம்பி நிற்கும். அந்த இடத்தில் பழைய சைக்கிள் ட்யூபை வார் வாராகக் கிழித்து இறுக்கிச் சுற்றிவிட்டால் காம்பும் பிழைக்கும், கையும் பிழைக்கும். தலை ஆடுகிறதா என்று தினமும் காலையில் பார்க்க வேண்டும். வெயில் காலத்தில் காம்பு வற்றித் தலை தளரும். ராத்திரி தண்ணீரில் போட்டு வைத்தால் காலையில் இறுகியிருக்கும், ஆனால் காய்ந்ததும் முன்பைவிடத் தளர்ந்துவிடும். காம்பின் முனையில் புது ஆப்புச் சீவி இறக்குவதுதான் வழி.

இரும்பு ஆப்பு வைத்திருப்பவர்கள் அதன் தலையைத் தடவிப் பாருங்கள். சம்மட்டி அடி பட்டுப் பட்டு ஓரம் காளான் குடை மாதிரி விரிந்து மடங்கியிருக்கும். அந்த மடிப்பிலிருந்து தெறிக்கும் துணுக்கு சட்டையைத் தாண்டித் தோலுக்குள் போகும், கண்ணுக்குள்ளும் போகும். அரைத்துத் தட்டையாக்கிவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும், பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் சம்மட்டியைத் தூக்கவே கூடாது. கோடாலியின் பின்பக்கத்தைச் சம்மட்டியால் அடிப்பதும் இதே ஆபத்துதான். கண்ணில் இரும்புத் துணுக்கு பட்டதாகச் சந்தேகம் வந்தால் தேய்க்காமல் கண் டாக்டரிடம் போங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் இரும்பு விஷயத்தை முதலில் சொல்லுங்கள், அந்தக் காந்தம் துணுக்கை இழுத்துக் கண்ணைக் கெடுத்துவிடும்.

முழங்காலுக்குக் கீழே பட்ட அடி, பிளந்த பாதி தெறித்து வந்து விழுந்தது. இதற்குச் செலவில்லாத மருந்து பழைய கார் டயர். அடிக்கட்டையின் மேல் டயரை வைத்து அதற்குள் முண்டுகளை நெருக்கி நிறுத்திப் பிளந்தால் துண்டு ஒன்றும் வெளியே பாயாது, குனிந்து பொறுக்குவதும் குறையும். அடிக்கட்டை முழங்கால் உயரத்துக்கு மேல் வேண்டாம். முண்டை அடிக்கட்டையின் அந்தப் பக்க ஓரமாக வையுங்கள். குறி தப்பினாலும் கோடாலி கட்டையில் நிற்கும், காலுக்கு வராது. கால்களை அகட்டி வைத்து, அடி இறங்கும்போது முழங்காலை மடக்க வேண்டும். ரப்பர் செருப்போடு வேண்டாம்.

கட்டைவிரல், முண்டைப் பிடித்துக்கொண்டே அடித்ததால் நசுங்கியது. நகத்துக்கடியில் ரத்தம் கட்டி விண் விண்ணென்று தெறித்தால் ஓரிரு நாளுக்குள் டாக்டரிடம் போங்கள். நகத்தில் சின்னத் துளை போட்டு ரத்தத்தை விட்டதும் வலி உடனே இறங்கிவிடும். வெட்டுக்காயத்தில் காப்பித்தூள், சுண்ணாம்பு எதையும் அப்ப வேண்டாம். சுத்தமான துணியால் பத்து நிமிடம் எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்தினால் சின்ன வெட்டு நின்றுவிடும். அப்பியதைக் கழுவி எடுப்பதுதான் பிறகு பெரிய வேதனை.

அடுக்கிலிருந்து கட்டையை எடுக்கும்போது முதலில் கம்பால் புரட்டிவிட்டுக் கையை விடுங்கள். பட்டைக்கடியில் இருந்து இரண்டு தேள் கிளம்பின, கையுறையும் கம்பும் இருந்ததால் தப்பித்தது. செந்தேள் கொட்டி வியர்த்துக் கொட்டுவதோ, வாந்தியோ, கை கால் சில்லிடுவதோ இருந்தால் மந்திரிக்கப் போகாமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

தையல் பிரிக்கப் பத்து நாள் ஆகும். களத்தில் இரண்டு புளியங்கவட்டை மட்டும் மிச்சம். கவட்டையில் இரண்டு கிளையின் நாரும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் ஆப்பு கொடுத்தாலும் லேசில் பிளக்காது. அவற்றை மரம் அறுக்கிற ஆளிடம் சொல்லியாகிவிட்டது, ரம்பத்தோடு ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.